கூடாரம் பிரித்துச் சென்றவர்களுக்கு

சர்க்கஸ் கலைஞர்களுக்கு,

பார் ஆடுகிறவர்களுக்கும், கம்பி மேல் நடக்கிறவர்களுக்கும், கோமாளிகளுக்கும், வலை கட்டுகிறவர்களுக்கும், டிக்கெட் கிழிக்கிறவர்களுக்கும், ஜிகினா தைக்கிறவர்களுக்கும், விடிவதற்கு முன்பே எழுந்து அத்தனை பேருக்கும் சோறு வடிக்கிறவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல். தபாலில் போட வழியில்லை. திருநெல்வேலிக்கு எழுதினால் நீங்கள் நாகர்கோவிலில் இருப்பீர்கள். நாகர்கோவிலுக்கு எழுதினால் கொல்லம் தாண்டியிருப்பீர்கள். யார் கையில் கிடைத்தாலும் அவர்கள் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவள். என் அலமாரியில் இருக்கும் ஓவியப் புத்தகங்களைப் புரட்டினால் நீங்கள் திரும்பத் திரும்ப வருகிறீர்கள். லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் உங்கள் தொழில்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று ஷோ ஆடிவிட்டு, முகாம் முடிந்ததும் லாரி ஏறுகிற உங்களுக்கு அதையெல்லாம் போய்ப் பார்க்க எங்கே நேரம்? உங்களால் இந்த உலகத்துக்கு என்ன கிடைத்தது என்று யாராவது உங்களிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும். நன்றியை அப்புறம் சொல்கிறேன். முதலில் கணக்கு.

எங்கள் ஊருக்கு நீங்கள் வந்த செய்தி முதலில் ராத்திரி வானத்தில்தான் தெரியும். கூடார உச்சியிலிருந்து சுழலும் சர்ச்லைட் வண்ணார்பேட்டை மொட்டைமாடிக்கும் தெரியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனுக்கும் தெரியும். மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நோட்டீஸைப் பறக்கவிட்டுப் போகும். மதியம் 1 மணி, 4 மணி, இரவு 7 மணி. அந்த நாட்களில் வகுப்பில் நான் எதை வரையச் சொன்னாலும் பிள்ளைகள் கூடாரம்தான் வரைவார்கள். பிறகு ஒரு ராத்திரியில் எல்லாம் போய்விடும். காலையில் மைதானத்தில் முளை அடித்த குழிகளும், வட்டமாக மிதிபட்ட மண்ணும், ஒன்றிரண்டு ஜிகினாப் பொட்டும் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்ட கையோடு அங்கே பிள்ளைகள் கூடுவார்கள். ஒருத்தி மண்ணில் கோடு கிழித்து, இரண்டு கையையும் விரித்து அதன் மேல் நடப்பாள். ஒருவன் நோட்டீஸைச் சுருட்டி ரிங் மாஸ்டர் ஆவான். இன்னொருவன் தவறாமல் விழுந்து கோமாளி ஆவான்.

நீங்கள் ஆடியதற்கு நாங்கள் கை தட்டிவிட்டோம், டிக்கெட்டும் வாங்கிவிட்டோம். நீங்கள் போன பிறகு அந்த மைதானத்தில் நடக்கிறதே, அதற்குத்தான் இன்னும் யாரும் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. என் அலமாரியில் இருக்கும் சர்க்கஸ் ஓவியங்களில் பெரும்பாலானவை அந்தப் பிள்ளைகள் செய்ததைத்தான் செய்கின்றன.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. நற்றிணையின் 95ஆம் பாட்டு, கோட்டம்பலவனார் பாடியது. குழலும் பல வாத்தியங்களும் முழங்க ஆடுமகள் ஒருத்தி முறுக்கேறிய கயிற்றின் மேல் நடக்கிறாள். அவள் நடந்த கயிற்றில் அத்திப்பழம்போலச் சிவந்த முகமுள்ள குரங்குக் குட்டி ஒன்று தொற்றி ஊஞ்சலாடுகிறது. அதைப் பார்த்த குறவர் வீட்டுப் பிள்ளைகள் மூங்கில் வளர்ந்த பாறை மேல் ஏறி, எம்பிக் குதித்துத் தாளம் போடுகிறார்கள். தன் காதலி இருக்கும் மலையூர் எது என்று தோழனுக்கு அடையாளம் சொல்ல வந்த தலைவன் இந்தக் காட்சியைச் சொல்கிறான். ஊரைச் சொல்ல அவனுக்கு ஆடுமகளின் வித்தை மட்டும் போதவில்லை, அந்தக் குரங்குக்குட்டியும் பிள்ளைகளும் வேண்டியிருக்கிறது. குறுந்தொகையின் 7ஆம் பாட்டிலும் கயிறாடுகிறவர்களின் பறையொலி வருகிறது, வாகை நெற்று காற்றில் கலகலப்பதற்கு உவமையாக. உங்கள் முன்னோர்களின் பறை எங்கள் கவிதைக்குள் அத்தனை பழங்காலத்திலேயே நுழைந்துவிட்டது.

இனி தூர தேசத்துக் கணக்கு.

1926இல் பாரிஸில் அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு சர்க்கஸ் கம்பெனி தொடங்கினார். அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு பத்திரிகைக்காக ரிங்லிங் சகோதரர்களின் சர்க்கஸை உடனிருந்து பார்த்துக் கோட்டோவியங்கள் போட்டிருந்தார். அவர் கம்பெனியில் சம்பளம் கிடையாது, சாப்பாடும் கிடையாது, ஏனென்றால் கலைஞர்கள் எல்லோரும் கம்பியும் தக்கையும் மரத்துண்டும் துணிக் கிழிசலும் வைத்து அவர் செய்த பொம்மைகள். நண்பர்களைக் கூட்டி வைத்து, தரையில் மண்டி போட்டு, ஒவ்வொரு பொம்மையையும் தன் கையாலேயே ஆட்டி வைப்பார். பாரில் ஆடும் பொம்மை சில நேரம் பிடி தவறிக் கீழே கட்டிய குட்டி வலையில் விழும். மீரோ, மோன்ட்ரியான் போன்ற ஓவியர்கள் அந்த ஷோவுக்கு வந்திருக்கிறார்கள். 1931 வரை பொம்மைகள் பெருகிக்கொண்டே போய், இரண்டு சூட்கேஸில் அடங்கிய சர்க்கஸுக்கு ஐந்து சூட்கேஸ் தேவைப்பட்டது. இன்று அது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காற்றில் தொங்கி, ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் எடை சரிசெய்துகொண்டே அசையும் ‘மொபைல்’ சிற்பங்களுக்காகத்தான் கால்டரை உலகம் இன்று அறியும். தொங்கும் உடம்பு எங்கே எடையை மாற்றிப் போட்டுச் சமநிலைக்கு வருகிறது என்பதைப் பார்க்க அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடங்களில் உங்கள் கூடாரமும் ஒன்று. 1955இல் அவர் இந்தியாவுக்கே வந்து, அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் விருந்தாளியாகத் தங்கிச் சில சிற்பங்களைச் செய்தார். எங்கள் வகுப்பிலும் கால்டர் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு. அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, கட்டுக் கம்பி, பனையோலை, பத்தமடைப் பாயில் வட்டமாக வெட்டிய துண்டு ஒன்று. வட்டத்துக்குள் வைத்ததும் சொப்புக் குடம் யானைக்குப் பீடமாகிவிடுகிறது.

உங்களால் பிழைத்தவர்களும் உண்டு. துலூஸ் லோத்ரெக் என்ற ஓவியர் 1899இல் குடி முற்றிப்போய்ப் பாரிஸ் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். புத்தி கலங்கிவிட்டது என்று பேச்சு. தன் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று மருத்துவர்களுக்கு நிரூபிக்க அவர் கலர் பென்சிலை எடுத்தார். எதிரில் குதிரையும் இல்லை, வளையமும் இல்லை. முன்பு பார்த்த சர்க்கஸை நினைவிலிருந்தே 30க்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தார். பிடரி சிலிர்த்த குதிரை, அதன் முதுகில் எம்பும் பெண், சாட்டையோடு நிற்கும் மாஸ்டர் என்று எல்லாம் பிசகாமல் இருக்கும். பார்வையாளர் கேலரி மட்டும் பெரும்பாலும் காலியாக இருக்கும். மருத்துவர்கள் அவரை வெளியே விட்டார்கள். அவற்றில் 22 படங்கள் 1905இல் ஒரு படநூலாகவே வந்தன. காலிக் கேலரிக்கு முன்னால் காலை வேளைகளில் நீங்கள் பழகுவீர்களே, அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த நேரம்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தவர் ஓவியர் ஆன்றி மத்தீஸ். 1941இல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. பிழைத்தார், ஆனால் தூரிகையோடு நெடுநேரம் நின்று வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. உதவியாளர்களைக் கொண்டு தாள்களில் பளீரென்று வண்ணம் பூசவைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தரிக்கோலால் நேராக வண்ணத்தையே வெட்ட ஆரம்பித்தார். வெட்டி ஒட்டிய அந்தப் படங்களில் 20ஐச் சேர்த்து, நடுநடுவே தன் கையெழுத்திலேயே குறிப்புகள் எழுதி, தெரியாத் என்ற பதிப்பாளர் வழியாக 1947இல் ‘ஜாஸ்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டின் அழகான படநூல்களில் ஒன்று அது. அதற்கு முதலில் நினைத்த பெயர் ‘சர்க்கஸ்’. பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது நீங்கள்தான்: கோமாளி, கத்தி விழுங்குகிறவர், கத்தி வீசுகிறவர், பாரில் பறக்கும் கொதோனா சகோதரர்கள். நெடுநேரம் நிற்க முடியாத ஒரு முதியவர் பறக்கிறவர்களை வெட்டி எடுத்திருக்கிறார். அதே தெரியாத் பிறகு 1950இல் லெஜேயின் ‘சர்க்கஸ்’ நூலையும் 1967இல் ஷகாலின் ‘சர்க்கஸ்’ நூலையும் வெளியிட்டார். ஒரே பதிப்பாளரின் மேசையில் மூன்று பெரிய ஓவியர்கள் வந்து உங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

என் மாணவிகளுக்கு இவர்களை எல்லாம்விடப் பிடித்தவள் மிஸ் லாலா. 1879 ஜனவரியில் பாரிஸின் ஃபெர்னாந்தோ சர்க்கஸில் ஆடியவள், கறுப்பின வம்சாவளியைச் சேர்ந்தவள். கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு அரங்கத்தின் உச்சிவரை போவாள். தன் பல்லில் பீரங்கியைத் தொங்கவிட்டு அதை வெடிக்கவும் வைப்பாளாம். ஓவியர் தெகா திரும்பத் திரும்பப் போய்க் குறிப்பெடுத்து அவளை வரைந்தார். அந்தப் படம் இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதில் கூட்டம் இல்லை, தரையும் இல்லை. அண்ணாந்து பார்க்கிற நம் கண், ஆரஞ்சுச் சுவர், மேலே ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “விழுந்துட்டா என்ன செய்வாவ டீச்சர்?” கேட்கும்போதே அவர்கள் பல்லைக் கடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். 1879ஆம் வருஷத்து ஓர் உடம்பின் பாரம் பாளையங்கோட்டைப் பிள்ளையின் தாடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

உடம்பின் பாரத்தைப் படமாக்குவது எளிதல்ல. எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம் வரும். அங்கே வெங்கடாசலபதி கோயிலில் 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் இருக்கின்றன. அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் ஒரு தூணில். அரசகுமாரனைச் சுமந்து நிற்கும் குறத்தி இன்னொரு தூணில். ஒரே கல்லில் மேலே ஓர் உடம்பு, கீழே ஓர் உடம்பு. சுமக்கிறவர் எங்கே காலை ஊன்றியிருக்கிறார், இடுப்பு எந்தப் பக்கம் வளைந்து எடையை வாங்குகிறது என்பதெல்லாம் அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று மனிதக் கோபுரம் கட்டுகிற உங்களில் யாராவது அந்தத் தூண்களுக்கு முன்னால் வந்து நின்றால், வழிகாட்டிகள் சொல்லாத செய்தி பத்தாவது சொல்வீர்கள்.

ஓவியர் செராவின் ‘சர்க்கஸ்’ படத்தையும் சொல்ல வேண்டும். ஓடும் வெள்ளைக் குதிரையின் முதுகில் ஒற்றைக் காலில் நிற்கும் பெண்ணைச் சின்னச் சின்னப் புள்ளிகளாலேயே கட்டியிருக்கிறார். படம் முழுக்க முடியவில்லை. 1891 மார்ச்சில் அது கண்காட்சியில் இருந்தபோதே ஓவியர் 31 வயதில் இறந்துபோனார். அவள் மட்டும் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இன்னும் விழாமல் நிற்கிறாள்.

இதுவரை சொன்னது வளையத்துக்கு உள்ளே நடக்கும் கதை. வளையத்துக்கு வெளியே உங்களைப் பார்த்தவர்களுக்கு நான் இன்னும் அதிகமாகக் கடமைப்பட்டிருக்கிறேன். பிக்காசோ 1905இல் ஒரு பெரிய படம் வரைந்தார். ஊர் ஊராகப் போகும் வித்தைக்காரக் குடும்பம். ஆறு பேர், வெறும் வெளி, கூடாரமும் இல்லை, கைதட்டும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் இல்லை. ஒரு ஊர் முடிந்தது, அடுத்த ஊர் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளி உங்களுக்கு நன்றாகத் தெரியும், டிக்கெட் வாங்கிய எங்களுக்குத் தெரியாது. பாரிஸின் மெத்ரானோ சர்க்கஸுக்கு அடிக்கடி போய் உங்களோடு பழகியதால் அவருக்குத் தெரிந்தது.

நம் நாட்டில் அந்த இடைவெளியைப் பார்த்தவர் மேரி எலன் மார்க் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். 1969இல் முதன்முதலாக ஓர் இந்திய சர்க்கஸைப் பார்த்தவர், அதை மறக்க முடியாமல் இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். 1989, 90 ஆண்டுகளில் 18 சர்க்கஸ் முகாம்களில் படமெடுத்து, 1993இல் ‘இந்தியன் சர்க்கஸ்’ என்ற நூலாக்கினார். யானையின் தும்பிக்கை தன் கழுத்தைச் சுற்றியிருக்க விறைப்பாக நிற்கும் பயிற்சியாளர். உடம்பை வில்லாய் வளைத்துக்கொண்டே நாய்க்குட்டியோடு இருக்கும் சிறுமி. பெரும்பாலும் கூடாரத்துக்குப் பின்னால், ஷோ இல்லாத நேரத்தில் எடுத்தவை. அந்த நூலின் எல்லாப் பக்கத்தையும் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை. பெரியவர்களுக்கு எல்லாப் பக்கமும் காட்டுவேன்.

ஏனென்றால் நன்றி சொல்ல வருகிறவள் நீங்கள் படும் பாட்டை மறைக்கக் கூடாது. அந்தப் படங்களில் இருக்கும் பிள்ளைகள் என் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். சிறுவர்களைச் சர்க்கஸில் ஆடவைக்கக் கூடாது என்று 2011 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு போட்ட ஆணையை 2001இல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. இரண்டும் சரியான முடிவுகள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மத்தீஸின் ‘ஜாஸ்’ நூலிலேயே ஒரு வெள்ளை யானை பந்தின் மேல் நிற்கிறது. அதன் உடம்பில் சிவப்புக் கோடுகள் அம்பாய்ப் பாய்கின்றன. அந்தப் படத்துக்குப் பெயர் ‘வெள்ளை யானையின் கெட்ட கனவு’. யானையின் பக்கமிருந்து சர்க்கஸைப் பார்க்க ஓர் ஓவியருக்கு 1940களிலேயே முடிந்திருக்கிறது. நல்ல சட்டம் வந்த பிறகும் உங்கள் பிழைப்புக்கு என்ன வழி என்று யோசிப்பது ஊரின் பொறுப்பு. அதில் நாங்கள் மெத்தனமாகத்தான் இருந்திருக்கிறோம். புலியைப் பார்க்க வந்த கூட்டம் புலி போனதும் போய்விட்டது. பாரில் ஆடுகிற மனுஷியைப் பார்க்க அதே கூட்டம் வந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு எல்லாப் பக்கமும் காட்டுகிற ஒரு புத்தகமும் என்னிடம் உண்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரி 1968இல் செய்தது, ‘மிலான் நகரத்து மூடுபனியில்’ என்று பொருள்படும் தலைப்பு. தொடக்கப் பக்கங்கள் எல்லாம் வரைபடத்துக்குப் பயன்படுத்தும் மெல்லிய டிரேசிங் தாள். ஒரு பக்கத்துக்குப் பின்னால் அடுத்த பக்கம் மங்கலாகத் தெரியும். தாளைப் புரட்டப் புரட்டப் பனியை விலக்கிக்கொண்டு நடப்பீர்கள். நடந்து போய்ச் சேரும் இடம் சர்க்கஸ். திடீரென்று சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தடித்த தாள்கள். தாள்களில் வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒரு பக்கத்தில் ஒன்றாக இருக்கும் ஓட்டை, புரட்டினால் வேறொன்றாகிவிடும். கடைசியில் மறுபடியும் டிரேசிங் தாள், மறுபடியும் பனி, வீடு. மாஞ்சோலை மலைப் பனிக்குள் பஸ்ஸில் போயிருக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதே இல்லை. சர்க்கஸைப் பற்றி அதிகம் எழுதாமலே, வருவதும் இருப்பதும் போவதுமாகத் தாளிலேயே செய்துகாட்டிவிட்டார் முனாரி.

சரி, நம் பக்கத்துக் கணக்கு என்ன?

இந்திய சர்க்கஸின் தொடக்கமே, பார்த்ததைத் திருப்பிச் செய்ததுதான். 1879இல் கியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. அதைப் பார்த்த விஷ்ணுபந்த் சத்ரே, சிற்றரசர் ஒருவரின் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1880இல் சொந்தமாக ‘கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ஸைத் தொடங்கினார். அவருடைய தூண்டுதலில், தலச்சேரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பள்ளி நடத்தத் தொடங்கினார். உங்களில் பலருடைய குருவுக்குக் குரு அந்த மண்ணிலிருந்து வந்திருப்பார்.

உங்களை முதலில் வாரி அணைத்தது நம் சினிமா. வாசன் 1948இல் எடுத்த ‘சந்திரலேகா’வில் சர்க்கஸ் ஒரு முக்கியக் களம். 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தின் கோமாளி அப்புவுக்கு வீடே சர்க்கஸ் கூடாரம்தான். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பையன்களின் கோமாளிப் படங்களில் எல்லாம் அப்புவின் சாயல் வந்துவிட்டது. ஆனால் உங்களைப் பார்த்ததைவிட, உங்களைப் பார்க்கிற எங்களைப் பார்த்தவர் அரவிந்தன். 1978இல் அவர் எடுத்த ‘தம்பு’ என்ற மலையாளப் படத்தில், பாரதப்புழைக் கரையில் ஒரு கிராமத்துக்கு சர்க்கஸ் வருகிறது, ஆடுகிறது, போகிறது. கதை அவ்வளவே. நிஜ சர்க்கஸ் கலைஞர்களையும் நிஜ ஊர்க்காரர்களையும் வைத்து எடுத்தார். அண்ணாந்து பார்க்கும் முகங்களில் ஷாஜி கருணின் கேமரா வெகுநேரம் தங்குகிறது. ஆற்றங்கரைக் கிராமமும் கூடாரமும் அந்த முகங்களும் தாமிரபரணிக் கரையில் எடுத்ததோ என்று தோன்றும்.

ஓவியத்தில் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் கோவில்பட்டி கொண்டையராஜு. அவர் சர்க்கஸ்காரர் இல்லை. ஆனால் உங்களைப்போலவே ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனியோடு, திரைச்சீலை வரைகிற ஓவியராக 1940களில் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தார். அது அப்போது எங்கள் திருநெல்வேலி ஜில்லா. கம்பெனி நின்றுபோனது, ஓவியர் ஊரிலேயே தங்கிவிட்டார். அரண்மனையும் நந்தவனமும் எழுதிப் பழகிய அதே கை, சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி காலண்டர்கள் வரைந்தது. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மாட்டாத வீடு இந்தப் பக்கத்தில் அரிது. அந்தக் காலண்டர்களில் சாமிக்குப் பின்னால் தெரியும் தூணையும் திரையையும் உற்றுப் பாருங்கள், நாடகக் கொட்டகை தெரியும். ஊர் சுற்றும் ஒரு கம்பெனி ஒரு வட்டாரத்தின் கண்ணையே மாற்றிவிட்டுப் போக முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீங்கள் அப்படி மாற்றிவிட்டுப் போனவற்றை நான் என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். அதற்காகத்தான் இந்த நன்றி.

பார் ஆடும் அக்காமார்களுக்கு: ஓர் உருவத்தைத் தாளின் நடுவில்தான் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். மூலையிலும் வைக்கலாம், தலைகீழாகவும் வைக்கலாம், நடுவைக் காலியாகவும் விடலாம் என்று உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். நன்றி.

கம்பி மேல் நடக்கும் அண்ணாச்சிக்கு: ஒரு கோட்டை அவசரப்படாமல் இழுக்க வேண்டும் என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. உங்கள் நடையைச் செய்துகாட்டினால் கேட்கிறார்கள். நன்றி.

கோமாளிகளுக்கு: தவறி விழுவதையும் பழகித்தான் விழ வேண்டும் என்று காட்டினீர்கள். அழிரப்பரை வீசிவிட்டு வரைகிற துணிச்சல் என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. நன்றி.

வலை கட்டுகிறவர்களுக்கு: உங்களை எந்த ஓவியரும் வரையவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். கால்டர் உங்கள் வலையை மறக்காமல் கட்டியிருக்கிறார். எங்கள் பாய்த்துண்டு சர்க்கஸிலும் ஒரு கொசுவலைத் துண்டு இருக்கிறது. நன்றி.

கடைசியாக ஒரு விண்ணப்பம். என் அலமாரியில் பிரெஞ்சுக்காரர்கள் செய்த சர்க்கஸ் நூல் இருக்கிறது, இத்தாலியர் செய்தது இருக்கிறது, அமெரிக்கர் நம் நாட்டில் எடுத்தது இருக்கிறது. சர்க்கஸ்காரர் தமிழில் வாய் திறந்து சொல்ல, தமிழ்ப் பிள்ளைகள் வரைந்த ஒன்று இல்லை. அடுத்த முறை நீங்கள் எங்கள் ஊரில் கூடாரம் போடும்போது, 4 மணி ஷோவுக்கும் 7 மணி ஷோவுக்கும் நடுவில் எங்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள். நான் மேலே சொன்ன புத்தகங்களை எல்லாம் சுமந்துகொண்டு வருகிறேன், நீங்களே புரட்டிப் பாருங்கள். பிள்ளைகள் தங்கள் நோட்டுகளைக் கொண்டுவருவார்கள். பாரில் பறந்து வருகிறவரை மறுபக்கத்தில் இருப்பவர் விரலைப் பிடிப்பாரா மணிக்கட்டைப் பிடிப்பாரா என்று வகுப்பில் பெரிய சண்டை. ஆளுக்கு ஒரு மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கையால் அவர்கள் கையைப் பிடித்துக் காட்டுங்கள். தப்பாக வரைந்தவர்கள் திருத்தி வரையட்டும். அந்தப் பக்கத்திலிருந்து நம் புத்தகத்தைத் தொடங்கிவிடலாம்.


பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியை